வரப்போகும் பன்னிரண்டு மாதங்கள்: பேர்லினில் வீடு மாறிய ஒரு குடும்பத்தின் தகுதிச் சான்றிதழ்

ஜேர்மனியில் அரச நிதியுதவியுடன் கட்டப்பட்ட சமூக வீடொன்றில் வாடகைக்குக் குடியேற விரும்பும் ஒருவர், தம் குடும்ப வருமானம் சட்டம் விதித்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலில் அரச அலுவலகத்தில் நிறுவி, அதற்கான சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். வோன்பெரெக்டிகுங்ஸ்ஷைன் என்பது அதன் முழுப்பெயர். எங்கள் சனங்களின் பேச்சில் அது வே.பே.எஸ். அந்தச் சான்றிதழ் இல்லாத ஒருவரிடம் அத்தகைய வீட்டை ஒப்படைக்க வீட்டு உரிமையாளருக்கே அனுமதி கிடையாது. 2002 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சமூக வீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு இதை விதிக்கிறது.

இந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தகுதி இருந்தும் தவறிப்போன விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அந்தக் குடும்பம் கடந்துபோன ஆண்டை மிகுந்த சிரமப்பட்டு நிரூபித்திருக்கும். சட்டம் முதன்மையாகக் கேட்பதோ வரப்போகும் பன்னிரண்டு மாதங்களை. வருமானத்துக்கு மட்டுமல்ல, புதிய வீட்டில் யார் யார் இருக்கப்போகிறார்கள் என்பதற்கும் இது பொருந்தும். இந்த இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் சிக்கி, பிறகு இரண்டிலிருந்தும் வெளிவந்த ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தை இங்கே முழுமையாக எழுதுகிறேன். அவர்களின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றி, தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். கணக்கு நடந்த விதம் மாறவில்லை.

குடும்பம்

கணவர் சமையல்காரர், மனைவி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பகுதிநேர ஊழியர், பதினொரு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். பேர்லினில் மூன்று அறைகள் கொண்ட சமூக வீடொன்றில், மூன்றாம் மாடியில், பல ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய கணவரின் தாயார் அதுவரை மகளின் வீட்டில், நகரின் வேறொரு மாவட்டத்தில், அங்கேயே பதிவு செய்யப்பட்டு வாழ்ந்து வந்தார். அவருடைய முழங்காலும் இருதயமும் பலவீனமான பின்னர், அவரை மகன் வீட்டுக்கு அழைத்து வருவது என்று இரு குடும்பங்களும் முடிவெடுத்தன. ஏறி இறங்க முடியாதவரை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவர முடியாது என்பதால், லிஃப்ட் உள்ள பெரிய வீடொன்று தேவைப்பட்டது.

அவர்கள் முதலில் நம்பியது, இப்போதைய வீட்டுக்கு வந்தபோது பெற்ற பழைய சான்றிதழே போதும் என்பதை. அது போதாது. சான்றிதழ் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குத்தான் செல்லும்; ஒரு வீட்டில் குடியேறியதோடு அதன் வேலையும் முடிந்துவிடும். ஒரு சமூக வீட்டிலிருந்து இன்னொரு சமூக வீட்டுக்கு மாறுபவரும், முதல் முறையாக வருபவரைப் போலவே, அன்றைய நிலையில் தகுதியைப் புதிதாக நிரூபிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் சமூக வீட்டில் இருந்தார் என்பது எந்த முன்னுரிமையையும் தருவதில்லை.

அதோடு ஒரு பயமும் இருந்தது. "அண்ணை, சம்பளம் கூடினதைச் சொன்னா இருக்கிற வீட்டால எழுப்பி விட்டிடுவாங்களோ?" என்று கணவர் என்னிடம் கேட்டார். இந்தப் பயம் எங்கள் சமூகத்தில் பரவலாக உண்டு. இதனாலேயே வீடு மாறும் எண்ணத்தைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். குடியேறிய பின்னர் வருமானம் உயர்ந்தது என்பதற்காக ஒருவரின் வாடகை ஒப்பந்தத்தை முடிக்க முடியாது. தகுதி பார்க்கப்படுவது வாசற்படியில் மட்டுமே. முன்னர் மேற்கு ஜேர்மனியில் 1981 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ், எல்லையைத் தாண்டிச் சம்பாதிப்பவர்களிடம் மேலதிக அறவீடு வசூலிக்கப்பட்டது உண்மைதான். பிற்காலத்தில் பெரும்பாலான மாநிலங்கள் அதைக் கைவிட்டன, பேர்லினும் கைவிட்டது.

முதல் விண்ணப்பம்

முதல் விண்ணப்பத்தை அவர்கள் தாங்களாகவே நிரப்பினார்கள். குடும்ப உறுப்பினர் என்ற இடத்தில் நான்கு பேர். வருமானத்துக்கு, கடந்த பன்னிரண்டு மாதங்களின் சம்பளச் சிட்டைகளும், கணவர் அதுவரை வேலை செய்த ஹோட்டல் நிரப்பிக் கொடுத்த வருமான உறுதிப் படிவமும்.

தாயாரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். மனைவியின் பதில் இது: "மாமியின்ர பென்சனையும் காட்டினா எங்கட வருமானம் கூடிப்போகும் எண்டு விட்டனாங்கள்." கேட்கும்போது நியாயமாகத்தான் படும். கணக்கு போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும்.

கணவர் ஹோட்டலில் மேலதிக நேர வேலையும் சேர்த்து மாதம் 4,000 யூரோ புறூட்டோ, அதாவது வரியும் காப்புறுதியும் கழியுமுன் உள்ள சம்பளம், பெற்றிருந்தார். ஆனால் விண்ணப்பம் கொடுத்த அதே மாதத்தின் முதலாம் தேதியில், இரவு வேலை இல்லாத பாடசாலை உணவகமொன்றில், மாதம் 3,400 யூரோவுக்குச் சேர்ந்துவிட்டார். தாயாரைப் பார்த்துக்கொள்ள மாலையில் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த மாற்றம். புதிய வேலை பற்றிய ஒரு தாள்கூட விண்ணப்பத்தில் இருக்கவில்லை. புதிய சம்பளச் சிட்டை இன்னும் கைக்கு வரவில்லை, வந்த பிறகு கொடுப்போம் என்று நினைத்திருந்தார்கள்.

அலுவலகம் கையில் இருந்த தாள்களை வைத்துக் கணக்கிட்டு, அவர்கள் சட்டம் வகுத்த அடிப்படை வருமான எல்லையின் 180 வீதத்துக்குள் வருகிறார்கள் என்று நான்கு அறைகளுக்கான சான்றிதழ் ஒன்றை அனுப்பியது. அவர்கள் கண்டுவைத்திருந்த வீடு 140 வீத எல்லைக்குள் வருபவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த வீட்டை அந்தச் சான்றிதழால் பெற முடியாது.

எல்லைகளும் அவற்றின் விலையும்

இந்த வீதங்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. மேலே சொன்ன சமூக வீட்டு ஊக்குவிப்புச் சட்டம் ஒரு கூட்டாட்சிச் சட்டம்; அதன் 9 ஆம் பிரிவு, தனி ஒருவருக்கு ஆண்டு வருமான எல்லை 12,000 யூரோ, இருவருக்கு 18,000, அதற்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் 4,100, குடும்பத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதலாக 500 என்று வகுத்தது. 2002 இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தொகைகள் சட்டத்தில் இன்றும் அப்படியே கிடக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் வாடகையும் சம்பளமும் எங்கோ போய்விட்ட பிறகும் ஒரு நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்த எண்களைத் தொடாமல் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2006 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சீர்திருத்தத்தோடு சமூக வீட்டு ஊக்குவிப்பு மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்கள் தத்தம் எல்லைகளை வைத்துக்கொண்டன. பேர்லின் கூட்டாட்சி எண்களையே அடிப்படையாக எடுத்து அவற்றின் 140 வீதத்தைத் தன் பொது எல்லையாக்கியது. பின்னர் 160, 180, 220 என்று மேல் படிகளையும் சேர்த்தது.

இந்தப் படிகள் வெறும் வகைப்பாடு அல்ல. பேர்லினின் 2023 ஆம் ஆண்டு ஊக்குவிப்பு விதிகளின்படி கட்டப்படும் புதிய வீடுகளில், 140 படிக்குரிய வீட்டின் தொடக்க வாடகை, சூடாக்கல் முதலிய செலவுகள் நீங்கலாக, சதுர மீட்டருக்கு 7 யூரோ. 180 படிக்குரியதில் 9.50, 220 படிக்குரியதில் 11.50. தொண்ணூறு சதுர மீட்டர் வீடென்றால் 140 இல் 630 யூரோ, 180 இல் 855 யூரோ. இந்த இரண்டுக்கும் இடையில் மாதம் 225 யூரோ வித்தியாசம். இந்தக் குடும்பம் ஆட்சேபனை எழுதத் துணிந்ததற்கு அதுவே போதிய காரணம்.

சான்றிதழ் வீட்டைத் தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது வரிசையில் நிற்க அனுமதி தருகிறது, அவ்வளவுதான். ஜேர்மனி முழுவதும் 2006 இல் ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த சமூக வீடுகள், 2022 இறுதியில் 11 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிட்டன. ஊக்குவிப்புக் கடன் தீர்ந்து, கட்டுப்பாட்டுக் காலம் முடிந்ததும் வீடுகள் சாதாரணச் சந்தைக்குப் போய்விடுவதே இதற்கு முக்கிய காரணம். பேர்லினில் நகருக்குச் சொந்தமான ஆறு வீட்டு நிறுவனங்கள், காலியாகும் தம் வீடுகளில் 63 வீதத்தை வே.பே.எஸ். உள்ளவர்களுக்கு வழங்க உடன்பட்டிருக்கின்றன. ஆகவே சமூக வீடாக ஆரம்பத்தில் கட்டப்படாத வீடுகளுக்கும் இந்தச் சான்றிதழ் கதவு திறக்கிறது. பலர் இதை அறியாமல் பழைய சமூக வீடுகளை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு

எல்லையோடு ஒப்பிடப்படுவது புறூட்டோவும் அல்ல, வங்கிக்கு வரும் நெற்றோவும் அல்ல. முதலில் ஆண்டுப் புறூட்டோவிலிருந்து தொழில் சார்ந்த செலவுக்கான பொதுத் தொகை 1,230 யூரோ கழிக்கப்படும். போக்குவரத்து போன்ற உண்மைச் செலவுகள் அதைவிடக் கூடினால் அவற்றைக் காட்டலாம். பிறகு வருமான வரி செலுத்துபவருக்கு 10 வீதம், மருத்துவ மற்றும் பராமரிப்புக் காப்புறுதி செலுத்துபவருக்கு 10 வீதம், ஓய்வூதியக் காப்புறுதி செலுத்துபவருக்கு 10 வீதம் கழியும். சாதாரண வேலையில் இருக்கும் ஒருவருக்கு மூன்றும் சேர்ந்து 30 வீதம். பிள்ளைகளுக்கான அரச கொடுப்பனவான கிண்டர்கெல்ட் இந்தக் கணக்கில் சேராது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் சொச்சம் புறூட்டோ வாங்கும் குடும்பங்கள் "எங்களுக்கு எங்கே கிடைக்கப் போகுது" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது, இந்தக் கழிவுகளை அறியாததால்தான்.

அலுவலகத்தின் முதல் கணக்கு இப்படி இருந்தது. கணவரின் 48,000 யூரோவில் 1,230 கழிந்து 46,770; அதில் 30 வீதம் போக 32,739. மனைவியின் மாதச் சம்பளம் 1,500, ஆண்டுக்கு 18,000, கழிவுகளுக்குப் பின் 11,739. மொத்தம் 44,478 யூரோ. நான்கு பேருக்கும் இரு பிள்ளைகளுக்கும் கூட்டாட்சி எல்லை 27,200. அதன் 140 வீதம் 38,080. 160 வீதம் 43,520. 180 வீதம் 48,960. எனவே 180. கொடுக்கப்பட்ட தாள்களின்படி அதில் பிழை எதுவும் இல்லை. அந்த அலுவலரைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

சட்டத்தின் 22 ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், விண்ணப்பித்த மாதத்திலிருந்து வரும் பன்னிரண்டு மாதங்களில் எதிர்பார்க்கப்படும் வருமானமே அடிப்படை. கடந்த பன்னிரண்டு மாத வருமானத்திலிருந்து தொடங்கவும் அலுவலகத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் வரும் பன்னிரண்டு மாதத்துக்குள் நிச்சயமாக நிகழவிருக்கும் மாற்றங்களைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். இங்கே மாற்றம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. அதை அலுவலகத்துக்குச் சொல்லும் தாள்தான் இருக்கவில்லை.

புதிய சம்பளமான 40,800 யூரோவை வைத்தால் கணவரின் கணக்கிடப்படும் வருமானம் 27,699 ஆகிறது. மனைவியுடையதைச் சேர்த்தால் 39,438. நான்கு பேருக்கான 140 எல்லை 38,080. இன்னும் 1,358 யூரோ கூடுதல். வேலை மாற்றத்தை மட்டும் நிரூபித்திருந்தால் அவர்கள் மறுபடியும் தோற்றிருப்பார்கள்.

இப்போது தாயாரைச் சேர்ப்போம். ஐந்து பேர், இரு பிள்ளைகள்: கூட்டாட்சி எல்லை 31,300, 140 வீதம் 43,820. அவருடைய ஓய்வூதியம் மாதம் 800, ஆண்டுக்கு 9,600 யூரோ. ஓய்வூதியத்துக்கான பொதுச் செலவுத் தொகை 102 போக 9,498. அவர் வரி கட்டுவதில்லை. ஓய்வூதியக் காப்புறுதியும் கட்டுவதில்லை. மருத்துவக் காப்புறுதி மட்டும் கட்டுகிறார். எனவே 10 வீதம் மட்டுமே கழிந்து 8,548 யூரோ 20 சதம். குடும்ப மொத்தம் 47,986.20. எல்லையைவிட நான்காயிரத்துக்கும் மேல் கூடிவிட்டது. இந்த இடத்தில் நிறுத்தினால் மனைவி பயந்தது சரிதான் என்று தோன்றும்.

ஆனால் தாயாரிடம் இயலாமையின் அளவு 80 என்று குறித்த மாற்றுத்திறனாளி அட்டை இருந்தது. பராமரிப்புக் காப்புறுதி அவரை வீட்டில் பராமரிப்புத் தேவைப்படுபவராக ஏற்று வழங்கிய கடிதமும் இருந்தது. சட்டத்தின் 24 ஆம் பிரிவு, இயலாமை 100 ஆக இருந்தாலோ, குறைந்தது 80 ஆக இருந்து வீட்டுப் பராமரிப்பும் தேவைப்பட்டாலோ, அந்த ஒருவருக்காக 4,500 யூரோவைக் குடும்ப வருமானத்திலிருந்து விலக்குகிறது. 47,986.20 இலிருந்து 4,500 போனால் 43,486.20. எல்லை 43,820. குடும்பம் 333 யூரோ 80 சதம் இடைவெளியில் உள்ளே வந்தது.

அட்டை மட்டும் போதாது, கடிதமும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இயலாமை 80 என்ற அட்டையை மட்டும் இணைத்தால் இந்த விலக்கு கிடைக்காது. அந்தக் கடிதமோ கணவரின் அக்கா வீட்டில், மருந்துச் சீட்டுகளோடு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

அப்பம்மாவின் பத்திரங்கள்

வேறு முகவரியில் பதிவாகியுள்ள ஒருவரைக் குடும்ப உறுப்பினராகக் காட்ட முடியுமா என்பதே அவர்களின் அடுத்த கேள்வி. முடியும். 18 ஆம் பிரிவு, விரைவில் வந்து நிரந்தரமாகக் குடும்பத்தில் சேர்வார் என்று எதிர்பார்க்கப்படும் நெருங்கிய உறவினரையும் குடும்பத்தோடு எண்ணச் சொல்கிறது. குழந்தை பிறக்கவிருக்கும் தாய்மார் தம் கர்ப்பகாலக் கையேட்டின் பிரதியை இணைப்பதும் இந்த அடிப்படையில்தான். இன்னும் பிறக்காத பிள்ளைக்கும், இன்னும் வந்து சேராத பாட்டிக்கும் சட்டம் ஒரே விதமாக இடம் வைத்திருக்கிறது.

எதிர்பார்ப்பை எப்படி நிரூபிப்பது? தாயார் தாம் மகனோடு நிரந்தரமாக வாழப்போவதாகக் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். மகள், தாயார் தம் வீட்டை விட்டு வெளியேறுவதை உறுதிப்படுத்தி இன்னொரு கடிதம் கொடுத்தார். தாயாருக்கென்று தனியாக வருமானப் பிரகடனப் படிவம் நிரப்பப்பட்டு, ஓய்வூதியக் காப்புறுதியின் அண்மைய அறிவித்தல் இணைக்கப்பட்டது. ஒருவரை இரு குடும்பங்கள் ஒரே நேரத்தில் தங்கள் கணக்கில் வைத்திருக்க முடியாது என்பதையும் மகளின் குடும்பத்துக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

எதிர்பாராத சிக்கல் பெயரில் வந்தது. 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லினை அடுத்திருந்த ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் வந்த எத்தனையோ தமிழர்களில் இவர்களும் அடங்குவர். தகப்பன் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைக்கும் எங்கள் வழக்கத்தை இங்குள்ள பதிவேடுகளில் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டதால், தாயாரின் பத்திரங்களில் அவருடைய தகப்பனின் பெயரும், மகனின் பத்திரங்களில் அவருடைய தகப்பனின் பெயரும் குடும்பப் பெயராக நிற்கின்றன. தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஓர் எழுத்துகூடப் பொதுவாக இல்லை. தாள்களை மட்டும் பார்க்கும் ஓர் அலுவலருக்கு, தொடர்பில்லாத ஒரு முதியவரை வருமான எல்லையை உயர்த்துவதற்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் அதில் வியப்பில்லை. மகனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்கிறது. அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஜேர்மன் மொழியில் பெயர்த்து இணைத்ததோடு அந்தக் கேள்வி எழவே இல்லை. பெற்றோரையோ மாமன் மாமியையோ சேர்த்து விண்ணப்பிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஒரு தாளைக் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே வைக்க வேண்டும் என்பதை நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

வதிவிட அனுமதி இந்த வீட்டில் பிரச்சினையாக இருக்கவில்லை. நால்வர் ஜேர்மன் குடியுரிமை பெற்றவர்கள், தாயாரிடம் நிரந்தர வதிவிட உரிமை இருந்தது. தற்காலிக அனுமதி உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. நாட்டில் நீண்ட காலத்துக்கு வாழ்வதற்குச் சட்டப்படியும் நடைமுறையிலும் இயன்றவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதால், அனுமதி முடிய ஒரு சில மாதங்களே இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

ஆட்சேபனை

அலுவலகத்தின் முடிவு கிடைத்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அந்த உரிமையைப் பற்றிய குறிப்பு முடிவுக் கடிதத்தின் அடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் ஆட்கள் அதுவரை வாசிப்பதில்லை. ஆட்சேபனைக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. வேலை மாறிய தேதி, புதிய சம்பளம், ஐந்தாவது உறுப்பினர், அவருக்குரிய விலக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இணைப்பின் எண். குடும்பத்தின் கஷ்டங்களை விவரித்து நான்கு பக்கம் எழுதலாம் என்ற யோசனையை நான் ஊக்குவிக்கவில்லை. கஷ்டம் உண்மையானதுதான், ஆயினும் அலுவலருக்கு இங்கே வேண்டியது எண்களும் அவற்றுக்கான தாள்களும்.

பழைய ஹோட்டல் வேலை முடிந்ததற்கான கடிதம், புதிய வேலை ஒப்பந்தம், புதிய நிறுவனம் நிரப்பிய வருமான உறுதிப் படிவம் ஆகியன வைக்கப்பட்டன. அதன் பிறகும் அலுவலகம் ஒரு கேள்வி கேட்டு எழுதியது: புதிய வேலையில் கிறிஸ்மஸ் கொடுப்பனவோ விடுமுறைக் கொடுப்பனவோ உண்டா? இடைவெளி 333 யூரோ என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். ஆயிரம் யூரோ கொடுப்பனவு ஒன்று ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், கழிவுகளுக்குப் பின் 700 யூரோ சேர்ந்து, குடும்பம் மறுபடி எல்லைக்கு வெளியே போயிருக்கும். அப்படியொரு கொடுப்பனவு இல்லை என்று நிறுவனம் ஒரு வரியில் எழுதிக் கொடுத்தது.

மனைவியின் வேலையிடத்தில், அடுத்த ஆண்டு கூடுதல் மணித்தியாலம் தரலாம் என்று மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அதைக் காட்ட வேண்டுமா என்று மனைவி நேர்மையாகக் கேட்டார். நிச்சயமாக நிகழவிருக்கும் மாற்றமே கணக்கில் வரும். தேதியும் அளவும் எழுத்தில் இல்லாத ஒரு பேச்சு அதில் அடங்காது. கையொப்பமிட்ட ஒப்பந்தம் இருந்திருந்தால் அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. வருங்காலத்தைக் கணக்கிடும் ஒரு விதி குடும்பத்துக்குச் சாதகமாக இருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு, பாதகமாகும்போது கடந்த காலத்துக்கு ஓடுவது சரியல்ல.

இவையெல்லாம் தவறியிருந்தால் இன்னொரு வழியும் இருந்தது. சமூக வீடொன்றில் இருப்பவர் புதிய வீட்டுக்கு மாறுவதால் காலியாகும் பழைய வீடு சதுர மீட்டருக்குக் குறைந்த வாடகை உடையதாகவோ, அவருக்குரிய அளவைவிடப் பெரியதாகவோ இருந்தால், வருமானம் எல்லையைத் தாண்டினாலும் சான்றிதழ் வழங்க 27 ஆம் பிரிவு அலுவலகத்துக்கு அதிகாரம் தருகிறது. மறுப்பது மிகுந்த கஷ்டத்தை உண்டாக்கும் என்றாலும் அப்படியே. இவை உரிமையல்ல, அலுவலகம் விரும்பினால் வழங்கலாம் என்ற வகையிலான அதிகாரம். இந்தக் குடும்பத்தின் பழைய வீட்டு வாடகை சதுர மீட்டருக்கு 7 யூரோவைவிடக் குறைவாகவே இருந்ததால், இதை ஆட்சேபனைக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் மாற்று வேண்டுகோளாகச் சேர்த்தோம். சமூக வீட்டிலிருந்து சமூக வீட்டுக்கு மாறும் வாடகைக் குடும்பங்களுக்கென்றே இருக்கும் இந்த வழியை எங்கள் சமூகத்தில் எவரும் பயன்படுத்தி நான் கண்டதில்லை.

அதற்குத் தேவை ஏற்படவில்லை. ஐந்து பேருக்கு, ஐந்து அறைகளுக்கு, 140 படியில் புதிய சான்றிதழ் வந்தது. பேர்லினில் ஓர் ஆளுக்கு ஓர் அறை என்ற கணக்கு. நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் தனி ஒருவருக்கு 50 சதுர மீட்டர், பிறகு ஒவ்வொருவருக்கும் 15 என்று பரப்பளவைக் கொண்டு பார்ப்பார்கள். அங்கு பெற்ற சான்றிதழ் பேர்லினில் செல்லாது. எங்கள் ஆட்களில் பலர் அந்த மாநிலத்தில் வாழ்வதால், அங்குள்ள உறவினர் தொலைபேசியில் சொல்லும் எண்களை இங்கே நம்பிவிடும் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

பிறகு

முதலில் கண்டுவைத்த வீடு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. ஆட்சேபனை நடந்துகொண்டிருந்தபோது கணவர் இப்போதைய வீட்டுக்கு அறிவித்தல் கொடுத்துவிட நினைத்தார். வாடகையாளருக்கு அறிவித்தல் காலம் மூன்று மாதம் என்பதால், முன்கூட்டியே கொடுத்தால் இரட்டை வாடகையைத் தவிர்க்கலாம் என்பது அவர் எண்ணம். வேண்டாம் என்று வற்புறுத்தினேன். புதிய ஒப்பந்தத்தில் கையொப்பம் விழும்வரை பழைய வீட்டை விடுவது, பிள்ளைகளோடு தெருவுக்கு வரும் அபாயம். ஓரிரு மாத இரட்டை வாடகையை எப்படியாவது சமாளிக்கலாம். அவர் கேட்டுக்கொண்டார்.

சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் முடிவதற்குள் நான்கு அறைகளும் லிஃப்ட்டும் உள்ள வேறொரு வீடு கிடைத்தது. ஐந்து அறைக்குத் தகுதி பெற்றவர் நான்கு அறை வீட்டை எடுப்பதற்குத் தடை இல்லை. ஐந்து அறைச் சமூக வீடுகள் அரிது. அதற்காகக் காத்திருந்திருந்தால் சான்றிதழ் காலாவதியாகி, எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டி வந்திருக்கும், அதுவும் 333 யூரோ இடைவெளியோடு.

குடியேறிய பின்னர் மனைவிக்குக் கூடுதல் மணித்தியாலங்களுக்கான ஒப்பந்தம் வந்தது; அவர் கையொப்பமிட்டார். அன்று விண்ணப்பித்திருந்தால் அவர்கள் 140 எல்லைக்கு வெளியே நின்றிருப்பார்கள். பேர்லினில் அதனால் வீட்டு வாடகையில் எந்த மாற்றமும் இல்லை, யாருக்கும் அறிவிக்க வேண்டியதும் இல்லை. ஹெசன் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே கைவிடப்பட்ட மேலதிக அறவீடு 2016 ஜூலை 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. சமூக வீட்டில் இருப்பவரின் வருமானம் எல்லையைக் கணிசமாகத் தாண்டினால் அறவீடு கட்ட வேண்டி வரலாம். ஆகவே பிராங்ஃபுர்ட்டிலோ காஸலிலோ இருப்பவர்கள் இந்தக் கடைசிப் பத்தியைத் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.